கடலுக்குப் பொதி கட்டும்போது: எதைக் கொண்டுபோவது, எதை வீட்டில் விடுவது

ஓகஸ்ட் பள்ளி விடுமுறை வந்தால் யாழ்ப்பாணத்து வீடுகள் நிறைந்துவிடும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சித்தப்பா குடும்பம் வந்து நிற்கும். நல்லூர்த் தேரும் தீர்த்தமும் முடிந்த கையோடு "கடலுக்குப் போவோம்" என்று பிள்ளைகள் தொடங்குவார்கள். ஹயஸ் வான் ஒன்று பேசியாகிவிடும், நிலாவெளியில் அறையும் சொல்லியாகிவிடும். அதன் பிறகு வீட்டுக்குள் இரண்டு கட்சி. அம்மம்மா கட்சி அடுப்படியையே வானில் ஏற்றப் பார்க்கும். வெளிநாட்டுப் பிள்ளைகளின் கட்சிக்கு ஒரு முதுகுப்பையும் வங்கி அட்டையும் போதும். மற்றதெல்லாம் அங்கே வாங்கலாம் என்பார்கள்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எடுத்துப் பார்ப்பதில்லை. ஒரு பொருள் பைக்குள் போக இரண்டு காரணங்களில் ஒன்று இருந்தால் போதும் என்பது என் கணக்கு. ஒன்று, இரவு எட்டு மணிக்கு அவசரமென்றால் அந்த ஊரில் வாங்க முடியாததாக இருக்க வேண்டும். அல்லது, உங்கள் பிள்ளையின் உடம்புக்கு அளவாக இருந்தால்தான் உதவும் பொருளாக இருக்க வேண்டும். இரண்டிலும் அடங்காததை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், வீட்டில் விட்டுவிடலாம். கீழே ஒப்பிட்டிருப்பதெல்லாம் இந்த அளவுகோலை வைத்துத்தான்.

எந்தக் கடல்?

காரைநகர் காசூரினாவுக்கோ வேலணைச் சாட்டிக்கோ காலையில் போய் மாலையில் திரும்புவதென்றால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. மாற்றுடுப்பு, தண்ணீர், சாப்பாடு, தொப்பி. எதையாவது மறந்தாலும் வீடு கிட்டத்தான். காசூரினாவில் கடல் வெகுதூரம் வரை ஆழமில்லாமல் கிடப்பதால், கடலையே பார்த்திராத குழந்தைகளை முதலில் அங்கே கூட்டிப்போவது நல்லது. நிலாவெளிக்குக் கட்டிய பொதியில் எது மிச்சம், எது குறை என்பதும் ஒரு நாள் காசூரினாவில் தெரிந்துவிடும்.

நிலாவெளிப் பயணம் அப்படியில்லை. ஏ-9 வீதியால் வவுனியா போய், ஹொரவப்பொத்தானைப் பக்கத்தால் திருகோணமலைக்கு இறங்கினால் 230 கிலோமீற்றருக்கு மேல் வரும். பிள்ளைகளோடு ஐந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். குறைந்தது இரண்டு இரவாவது தங்காமல் அவ்வளவு தூரம் போவதில் பயனில்லை.

நெடுந்தீவு மூன்றாவது வகை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகு. பைகள் கைமாறிக் கைமாறித்தான் படகுக்குள் இறங்கும், மேலே அலை தெறிக்கும், தீவில் பெரிய கடைகளும் இல்லை. எல்லாவற்றையும் கொண்டுபோகவும் வேண்டும், எல்லாவற்றையும் கையால் தூக்கவும் வேண்டும். அங்கே இரவு தங்குவதென்றால் பொதி கட்டுவதற்கு இதுதான் மிகக் கடினமான இடம். கைக்குழந்தையோடு போகிறவர்கள் அன்றே திரும்பும்படி திட்டம் போடுவதுதான் சரி.

காலத்தையும் பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். கிழக்குக் கரைக்கு அது தரையைக் கடந்து வரும் காற்று, அதனால் நிலாவெளியும் பாசிக்குடாவும் அப்போது அடங்கிக் கிடக்கும். டிசெம்பர் விடுமுறையில் வாடையும் மாரி மழையும் சேர்ந்து அதே கடலைக் கொந்தளிக்க வைத்துவிடும். அந்தக் காலத்தில் கடல் வேண்டுமென்றால் தெற்கே உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம்தான் போக வேண்டும். நான் இங்கே எழுதுவது ஓகஸ்ட் மாத நிலாவெளியை மனதில் வைத்து.

ஆளுக்கொரு பையா, வேளைக்கொரு பையா?

பெரும்பாலான வீடுகளில் ஆளுக்கொரு பைதான் வழக்கம். அவரவர் உடுப்புக்கு அவரவர் பொறுப்பு என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பின்னேரம் மூன்று மணிக்கு அறைக்குப் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் கடலைக் கண்டு குதிக்கத் தொடங்கியதும், குளிக்கும் உடுப்புக்கு ஒரு பை, துவாய்க்கு ஒரு பை, கிறீமுக்கு ஒரு பை என்று எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்ட வேண்டி வரும். பத்து நிமிடத்தில் அறை சந்தையாகிவிடும்.

நான் சொல்வது வேளைக்கொரு பை. முதலாவது வழிப்பை: தண்ணீர், கொறிக்க ஏதாவது, சத்திக்குப் பிளாஸ்ரிக் பைகள், மருந்து, சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுடுப்பு. இது காலடியில் இருக்க வேண்டும். இரண்டாவது கடற்பை: குடும்பம் முழுவதற்குமான குளியல் உடுப்பு, துவாய், தொப்பி, கிறீம், கடலுக்குப் போடும் செருப்பு. இறங்கியதும் இதைத் தூக்கிக்கொண்டு நேரே கரைக்கே போகலாம். மீதி எல்லாம் தங்கும் பை. அதற்குள் ஆளுக்கொரு சின்னத் துணிப்பை வைத்தால் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தங்கள் உடுப்பு தனியே இருக்கிறது என்ற ஆறுதல் கிடைக்கும்.

சூட்கேஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் 23 கிலோப் பெட்டிகள் யாழ்ப்பாணத்து வீட்டிலேயே இருக்கட்டும். அந்தச் சில்லுகள் விமானநிலையத் தரைக்குச் செய்தவை, மணலில் புதைந்துபோகும். வானில் இருக்கைக்கு அடியிலும் கடினப் பெட்டி நுழையாது. மெத்தென்ற துணிப் பயணப்பைதான் எல்லா இடுக்கிலும் அமரும். நெடுந்தீவுப் படகுக்கென்றால் யோசிக்கவே வேண்டாம், முதுகில் மாட்டும் பை ஒன்றுதான்.

வெயிலுக்குக் கிறீமா, துணியா?

இந்த ஒப்பீட்டில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன், ஏனென்றால் பலர் இதைத்தான் ஏனோதானோ என்று விடுகிறார்கள்.

நம்முடைய இரண்டு பெரிய விடுமுறைகளையும் எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணம் ஏறக்குறைய 9.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில், அதாவது சித்திரைப் புத்தாண்டையொட்டி, சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். ஓகஸ்ட் கடைசியில் மறுபடியும் நிற்கும். பள்ளி விடுமுறை விட்டுக் குடும்பங்கள் கடலுக்குப் போவது சரியாக அந்த இரண்டு காலத்தில்தான். உலக சுகாதார நிறுவனம் காட்டும் புறஊதாக் கதிர்ச் சுட்டியில் 11-உம் அதற்கு மேலும் மிகக் கடுமையான படி. நம்முடைய நண்பகல் வெயில் அந்தப் படியைச் சாதாரணமாகத் தொடும். மணலும் நீரும் திருப்பி எறியும் கதிர் வேறு.

"எங்கட தோல் கறுப்புத்தானே, எரியாது" என்பதை நான் ஏற்கமாட்டேன். கறுத்த தோல் ஓரளவு காக்கும் என்பது உண்மை. ஆனால் அதுவும் எரியும், உரியும், கண்ணுக்கு அந்தக் காப்பு கிடையாது. ரொறன்ரோவின் குளிரில் வளர்ந்த பிள்ளைக்கு நம்மைப்போல நிறம் இருக்கலாம், வெயில் பழக்கம் இருக்காது.

இப்போது கிறீமைப் பார்ப்போம். எஸ்.பி.எஃப் (வெயில் காப்பு எண்) 30 கிறீம் தோலை எரிக்கும் கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும், எஸ்.பி.எஃப் 50 ஏறக்குறைய 98 சதவீதத்தை. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் ஒரு சதவீதம்தான். ஆகவே எண்ணைப் பார்த்துக் கூட விலை கொடுப்பதைவிட, போதிய அளவு பூசுகிறோமா என்பதே பெரிய விஷயம். வளர்ந்த ஒருவர் உடம்பு முழுக்கப் பூச ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், குளித்துத் துடைத்த பிறகும் திரும்பப் பூச வேண்டும். பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் என்று வைத்து, பிள்ளைக்குப் பாதியளவு கணக்கிட்டாலும் ஒரு தடவைக்கு 90 மில்லிலீற்றர். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று நாள் என்றால் 540. கடையில் கிடைக்கும் 100 மில்லிலீற்றர் போத்தல் ஒரு தடவையிலேயே தீர்ந்துபோகும். அரை லீற்றருக்கு மேல் சன் கிறீம் வாங்க எத்தனை குடும்பத்தால் முடியும்? முடியாததால்தான் மூக்கில் ஒரு பொட்டு, கன்னத்தில் ஒரு பொட்டு என்று வைத்துவிட்டுப் பூசியதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

துணி அப்படியில்லை. வெயில் காப்புக்கென்று நெய்து 50 என்று குறித்த துணி ஐம்பதில் ஒரு பங்குக் கதிரைத்தான் உள்ளே விடும். அது தீர்ந்துபோகாது, வியர்வையில் கழுவுப்படாது, இரண்டு மணிக்கொருமுறை பிள்ளையைப் பிடித்து இழுத்துவைத்துப் பூசவும் வேண்டாம். நீளக் கை வைத்த நீச்சல் மேற்சட்டையும் முழங்கால் மட்டும் வரும் காற்சட்டையும் போட்டால், கிறீம் தேவைப்படுவது முகம், காது, பிடரி, புறங்கை, கால் ஆகியவற்றுக்கு மட்டும்தான். ஒரு தடவையில் தீர்ந்த போத்தல் இப்போது பல தடவைக்கு வரும். என் தெரிவு தயக்கமில்லாமல் துணிதான். கிறீம் அதற்குத் துணை.

எல்லாத் துணியும் இதற்கு உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைப் பருத்தி ரீசேட் உலர்ந்திருக்கும்போதே கணிசமான கதிரை உள்ளே விடும், நனைந்தால் இன்னும் மோசம். நம் பெண்கள் பலர் பருத்திச் சுடிதாரோடு கடலில் இறங்குகிறார்கள். பருத்தி தண்ணீரைக் குடித்துப் பாரமாகி, அலையில் காலைச் சுற்றும். மாலைவரை காயவும் காயாது. பொலியெஸ்ரரிலோ நைலோனிலோ செய்த நீளக் கைச் சட்டையும் லெகிங்ஸும் உடம்பை அதேபோல மூடும், ஆனால் நீரை உதறிவிடும். புதிதாக வாங்க வசதியில்லாவிட்டால் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு அடித்த இல்ல ஜேர்சியைத் தேடி எடுங்கள். கடும் நிறமும் நெருக்கமான நெய்தலும் இருந்தால் நன்றாகவே உதவும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊடே ஒளி தெரியும் வலைத்துணி ஜேர்சி வேண்டாம்.

தொப்பியிலும் இதே கதை. முன்பக்கம் மட்டும் நீட்டிய கிரிக்கெற் தொப்பி காதையும் பிடரியையும் வெயிலுக்கு விட்டுவிடும். சுற்றிலும் விளிம்புள்ளது வேண்டும். பனையோலைத் தொப்பி கரையில் இருப்பவர்களுக்கு அருமையான பொருள், காற்றும் புகும் நிழலும் தரும். சோளகத்தில் பறக்காமல் நாடாவொன்று தைத்துவிட வேண்டும். பெரிய கடற்கரைக் குடையை நான் கொண்டுபோகமாட்டேன். காற்று அதைப் புரட்டும், வானில் இடத்தையும் அடைக்கும். அதைவிட நேரத்தைத் தெரிவுசெய்வது மேல். வெயிலில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் பிள்ளைகளைக் கரையேற்றுங்கள். காலை ஏழிலிருந்து ஒன்பது, பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு. நடுவில் சாப்பாடும் தூக்கமும். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குக் கிறீமே வேண்டாம், நிழலும் மெல்லிய முழுச்சட்டையும்தான்.

கிறீம் வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு இருக்கிறது, 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பவளப்பாறைத் தீவு. ஒக்சிபென்சோன், ஒக்ரினொக்சேற் என்ற இரண்டு இரசாயனங்களும் பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் மாநிலம் அவை கலந்த சன் கிறீம் விற்பனையை 2021 முதல் தடுத்திருக்கிறது. சிங்க் ஒக்சைட் அல்லது ரைற்றேனியம் டையொக்சைட் உள்ள கிறீம் அதற்கு மாற்று. நம் நிறத்தில் அது வெள்ளையாகத் தெரியும், பதின்ம வயதுப் பிள்ளைகள் முறைப்பார்கள். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் பூசிக்கொள்வார்கள். போத்தலை மூடிய வானுக்குள் விட்டுப்போக வேண்டாம், அந்தச் சூட்டில் கிறீம் கெட்டுப்போகும்.

மிதவை: காற்றடித்ததா, கட்டிப்போட்டதா?

சோளகம் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால்தான் நிலாவெளி ஓகஸ்டில் அமைதியாக இருக்கிறது என்று சொன்னேன். அதே காற்றுத்தான் காற்றடித்த மிதவைகளுக்கு எதிரி. வாத்து வடிவத்திலும் வளைய வடிவத்திலும் விற்கும் இந்த மிதவைகள் நீரில் ஆழ இறங்காமல் மேலே நிற்பவை. காற்று அவற்றைப் பாய்மரமாக்கிக் கரையிலிருந்து வெளியே தள்ளும். அலை இல்லாததால் பார்க்கிறவருக்குப் பயமும் வராது. பிள்ளை சிரித்துக்கொண்டே ஆழத்துக்குப் போய்விடும், பிடிக்க நீந்திப்போகும் தகப்பனும் களைத்துப்போவார். கடற்கரைக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது, காற்றைத் திறந்துவிட்டால் பைக்குள் மடிந்து அடங்குகிறது, உண்மைதான். இருந்தாலும் கடலுக்கு இதைக் கொண்டுபோகவே வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நீச்சல் குளத்தோடு நிற்கட்டும்.

கையில் மாட்டும் காற்றுப்பட்டியும் எனக்குப் பிடிப்பதில்லை. ஈரத்தில் வழுகும், ஒன்று கழன்றால் பிள்ளை சரிந்துவிடும்.

மாற்று, நுரைப்பஞ்சு வைத்த உயிர்காப்பு அங்கி. இடம் அடைக்கும், ஒரு பையின் பாதியைத் தின்னும், விலையும் கூட. ஆனால் மேலே சொன்ன இரண்டாவது அளவுகோலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. படகுகளில் இருக்கும் அங்கிகள் பெரும்பாலும் பெரியவர்களுக்கானவை. அவற்றுக்குள் நான்கு வயதுப் பிள்ளையைப் போட்டால் தண்ணீரில் அங்கி மேலே வரும், பிள்ளை கீழே நழுவும். பிள்ளையின் எடைக்கு ஏற்ற அங்கியை வாங்கி, எல்லாக் கொளுவியையும் பூட்டி, இரண்டு தோள்பட்டியையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் பெரிது. கால்களுக்கிடையே பட்டி உள்ளது சின்னப் பிள்ளைகளுக்குச் சிறந்தது. புறாத்தீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகேறுவதானால் வேறு எதை இறக்கியாவது இதை ஏற்றுங்கள். அங்கி போட்டிருந்தாலும் கையெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். அன்றைக்கு எந்தப் பக்கம் இறங்கலாம், எங்கே இழுவை இருக்கிறது என்பதைக் கரையில் வலையோடு இருக்கும் கடற்றொழிலாளர்களிடம் கேளுங்கள்.

மணல் விளையாட்டுச் சாமானுக்கு ஒரு வரி போதும்: பழைய ஐஸ்கிறீம் டப்பா இரண்டும் அகப்பை ஒன்றும். வெங்காயம் வந்த வலைப்பைக்குள் போட்டு ஒரு உதறு உதறினால் மணல் எல்லாம் கொட்டிவிடும்.

காலுக்கும் துவாய்க்கும்

இரப்பர்ச் செருப்பு அறைக்கும் வாசலுக்கும் சரி. தண்ணீரில் அது கழன்று மிதந்துவிடும். புறாத்தீவின் கரை உடைந்த பவளத் துண்டுகளால் ஆனது, வெறுங்காலோடு நடந்தால் வெட்டும். பவளம் வெட்டிய காயம் ஆற நாளெடுக்கும். பின்பட்டி உள்ள இரப்பர்ச் சப்பாத்து நல்லது. இல்லாவிட்டால் பள்ளிக்கூட வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தில் பழையது, ஆனால் காலுக்கு இன்னும் அளவாக இருப்பது போதும்.

தடித்த குளியல் துவாய் ஆளுக்கொன்று என்றால் அரைப் பை அதற்கே போய்விடும். ஒருமுறை நனைந்தால் உப்புக்காற்றில் மறுநாள் காலைவரை ஈரமாகவே கிடக்கும். நான் சாரத்தின் (லுங்கியின்) பக்கம். மெல்லிய பருத்திச் சாரம் துடைக்கவும் செய்யும், அரை மணி வெயிலில் காயவும் செய்யும். உடுப்பு மாற்ற மறைப்பாகும், மணலில் விரிப்பாகும், இரண்டு மரத்துக்கிடையே கட்டினால் நிழலாகும், கைக்குழந்தைக்கு ஏணையாகும். தலைமுடி நீளமான பெண்களுக்குத் தனியே ஒரு துவாய் வையுங்கள், சாரம் அதற்குப் போதாது. கால் மணலுக்குக் குழந்தைப் பவுடர் ஒரு டப்பா. ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தூவித் தட்டினால் ஒட்டிய மணல் உதிர்ந்துவிடும்.

அடுப்பா, கடையா?

அம்மம்மாவோடு நான் முழுதாக ஒத்துப்போகாத இடம் இது. காஸ் அடுப்பு, சட்டி, அரிசி, தூள் எல்லாம் ஏற்றினால் விடுமுறை அவருக்கும் மருமகளுக்கும் சமையலிலேயே கழியும். ஆனால் ஒன்றுமில்லாமல் போவதும் சரியல்ல. நல்லூர்க் கொடியேற்றத்திலிருந்து சைவமாக இருக்கும் வீடுகள், திருவிழா முடியுமுன்னே போவதானால், மீன் மணக்கும் கரையில் எங்கே சாப்பிடுவது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நடுவழி இது: முதல் நாள் இரண்டு வேளைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது, மற்ற நாளுக்குக் கொறிப்பது மட்டும்.

கட்டும் சாப்பாட்டிலும் வித்தியாசம் உண்டு. தேங்காய்ப்பூப் போட்ட புட்டும் பச்சைத் தேங்காய்ச் சம்பலும் வானின் சூட்டில் சீக்கிரம் புளித்துவிடும். அவற்றை வழியில் காலைச் சாப்பாட்டோடு முடித்துவிட வேண்டும். புளிச்சோறும் தேங்காய் சேர்க்காத ரொட்டியும் மதியம் தாண்டும். கொறிக்கப் பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை, கச்சான், பனங்கட்டி. இவை உருகாது, நசியாது. சொக்கலேற்றை விட்டுவிடுங்கள்.

தண்ணீருக்குச் சின்னப் போத்தல் ஒரு டசின் வாங்குவதைவிட, பெரிய கான் ஒன்றை வானில் வைத்து ஆளுக்கொரு போத்தலில் நிரப்பிக்கொள்வது மலிவு, குப்பையும் குறைவு. ரெஜிபோம் பெட்டிக்கு ஐஸ் கட்டி வாங்கினால் அது உருகிச் சாப்பாட்டுப் பொதிகளை ஊறவைக்கும். முதல் நாள் இரவே நாலைந்து தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து அடுக்கினால் பெட்டியும் குளிரும், உருகியபின் குடிக்கவும் ஆகும்.

மருந்தும் நுளம்பும்

இங்கே "அங்கே வாங்கலாம்" கட்சிக்கு இடமே இல்லை. தினமும் எடுக்கும் பிரஷர், சீனி வருத்த மருந்துகள் தேவைக்கு மேல் இரண்டு நாளைக்குக் கூடுதலாக, வழிப்பையில் இருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் அதை வானின் முன்கண்ணாடிப் பக்கம் வைக்கவும் கூடாது, உறைந்த போத்தலோடு ஒட்டி வைக்கவும் கூடாது. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. துணியில் சுற்றி, ஐஸில் முட்டாத மூலையில் வையுங்கள். பனடோல், வழிச்சத்திக்குக் குளிசை, காயத்துக்குக் கிருமிநாசினியும் துணிப்பட்டியும், ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) நாலு பக்கற். ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், அதற்காகவே ஒரு லீற்றர் போத்தல் ஒன்று வையுங்கள். சொறிமுட்டை (ஜெலி மீன்) பட்டால் கடல் தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றுவதும் மணலால் தேய்ப்பதும் எரிவைக் கூட்டும்.

டெங்குவைப் பரப்பும் நுளம்பு பகலில்தான் கடிக்கும், காலையிலும் பொழுதுபடு முன்னரும் கூடுதலாக. நுளம்புத்திரி அறைக்குள் உதவும், கரைக்கும் தோட்டத்துக்கும் பூசும் மருந்துதான் வேண்டும். சன் கிறீமும் நுளம்பு மருந்தும் ஒன்றாகக் கலந்து வருவதை வாங்க வேண்டாம். ஒன்றை இரண்டு மணிக்கொருமுறை பூச வேண்டும், மற்றதை அவ்வளவு அடிக்கடி பூசக் கூடாது. தனித்தனியே வாங்கி, முதலில் சன் கிறீம், அது ஊறியதும் மேலே நுளம்பு மருந்து.

போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று

பொதி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் போகும் பயணத்துக்கே கட்டுகிறார்கள். வரும்போது எல்லாம் ஈரம், உப்பு, மணல். அவற்றைச் சொப்பிங் பைக்குள் முடிச்சுப் போட்டால் வவுனியா வருமுன் மணக்கத் தொடங்கிவிடும். கழுவிக் காயவைத்த பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டு கொண்டுபோங்கள். நெய்த பிளாஸ்ரிக் என்பதால் நீர் வடியும், மணல் உதிரும், கிழியாது. போகும்போது மடித்து வைத்தால் இடமும் எடுக்காது. உப்புத் துணியைக் கடைசிக் காலையில் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். கரையோரக் கிணறுகளில் தண்ணீர் உவராக இருந்தால் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காது, சலவைத் திரவம் ஒரு சின்னப் போத்தலில் இருந்தால் உதவும்.

கோணேஸ்வரத்துக்கு ஏறாமல் திருகோணமலையிலிருந்து திரும்பும் யாழ்ப்பாணக் குடும்பம் அரிது. அதற்கு வேட்டி ஒன்றும் பெண்களுக்குக் கணுக்கால் வரை வரும் உடுப்பு ஒன்றும் தனியே, மணல் படாமல், தங்கும் பையின் அடியில் இருக்கட்டும். கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் போவதானால் ஆளுக்கொரு உலர்ந்த சாரம் கூட வேண்டும். அறையைக் காலி செய்த பிறகு பைகளைத் திறக்க இடம் கிடைக்காது. ஆகவே கோயிலுக்கும் திரும்பும் வழிக்கும் போடும் உடுப்பை முதல்நாள் இரவே வழிப்பைக்கு மாற்றிவிடுங்கள்.